ஒன்பது எழுத்துச் சொல்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அகராதி' என்றால்தான் தெரியும். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. சொல்லுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் ஒன்று. திமிர் பிடித்தவன், எடக்குப் பேசுகிறவன் என்பது இன்னொன்று. வைத்தவர்கள் எந்த அர்த்தத்தில் வைத்தார்களோ, அவர் முதல் அர்த்தத்தையே எடுத்துக்கொண்டு இருபது வருடமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

உண்மை என்னவென்றால், அவருக்கு ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். பொருள்தான் தெரியாது. ஒன்றுக்குமே தெரியாது என்று சொன்னால் அநியாயம். கதவு, விளக்கு, வா, போ என்கிற அளவுக்குத் தெரியும். மற்றதெல்லாம் எழுத்துக் கணக்குதான்.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் எழுத்து வெட்டுவது அவர் வேலை. வாடிக்கையாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இவர் பித்தளைத் தகட்டிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ ஒவ்வொரு எழுத்தாக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, பலகையில் ஒட்டுவார். மிச்சம் விழுந்த எழுத்துகளைப் போட்டு வைக்க இருபத்தாறு தகர டப்பாக்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஏழு எழுத்து எடுப்பார்கள். யாருடைய சொல் நீளமோ அவர் ஜெயித்தவர். தையல்காரருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஆளில்லாமல் இரண்டு பேரும் கத்துவார்கள். முதலாளி உள்ளேயிருந்து, "எழுத்தை ஒட்டச் சொன்னா எழுத்தை வச்சு மல்லுக்கட்டுறீங்களே" என்பார்.

அப்புறம் வாசகசாலையில் புதன்கிழமைதோறும் சொல்லாட்டப் போட்டி ஆரம்பித்தார்கள். அகராதி அதில் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தார். பரிசாக நாலு விரல் பருமனுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெறும் சொற்கள். செல்லும் சொல் எது, செல்லாத சொல் எது என்று பார்க்க மட்டும் அச்சடித்த புத்தகம். அர்த்தம் ஒரு வரிகூடக் கிடையாது. மனிதருக்கு அது போதுமாக இருந்தது. U இல்லாமல் Q வரும் சொல் எத்தனை, நடுவில் Z நிற்கும் சொல் எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

தனியாக ஒரு நோட்டும் வைத்திருந்தார். எந்த எழுத்துகள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்துப் பக்கம் பிரித்திருந்தார். GN வரும் சொற்களுக்கு ஒரு பக்கம், GHT வரும் சொற்களுக்கு ஒரு பக்கம். புதுச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் குறித்துக்கொள்வார். எங்கே பிடித்தார் என்பதையும் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிவிடுவார்: சோப்பு உறை, லாரியின் பின்பக்கம், தபால் நிலையச் சுவர், பக்கத்து வீட்டுக்காரர் காகிதம். மீன் பிடிக்கிறவன் எந்த மடுவில் பிடித்தான் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது போல.

இப்படிப்பட்டவரிடம் தெருவே காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்ததில் ஆச்சரியம் என்ன? அலுவலகத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால், "அகராதிகிட்ட காட்டு" என்பார்கள். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெரிந்த நாலு சொல்லைத் தேடிப் பிடிப்பார். SIGN என்று இருந்தால் கையெழுத்து. DATE என்று இருந்தால் தேதி. மீதியை வந்தவர் முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல, ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிட்டது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

அவர் மனைவிக்குக் கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி வந்தது. பட்டாணி அளவுதான். வலி இல்லை. வலி இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கும் அக்குளில் இப்படித்தான் வலியில்லாமல் ஒன்று வந்து, அதிலேயே போய்ச் சேர்ந்தாள். டாக்டர் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சனிக்கிழமை மதியம் முடிவு வரும், அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

சோதனைக்கூடத்தில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் உறையை நீட்டினாள். அவளிடமே கேட்டிருக்கலாம். 'இதில் என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்க ஒரு நொடி போதும். ஆனால் வரிசையில் பின்னால் தெருக்காரர் இருவர் நின்றார்கள். அகராதி போய் ஒருவரிடம் அப்படிக் கேட்பதா? உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ காகிதங்களை அவர் அந்த வீட்டில் படித்திருக்கிறார். ஒரு நாளும் அவள் உட்கார்ந்து கேட்டதில்லை.

"படிங்க," என்றாள்.

உறையைக் கிழித்தார். மேலே அவள் பெயர், வயது, தேதி. கீழே சில வரிகள். கடைசியில் தனியாக, கொட்டை எழுத்தில் ஒரு வரி: NO MALIGNANT CELLS SEEN.

நாலு சொல். NO தெரியும். SEEN என்றால் பார்த்தது. CELLS என்பது உடம்புக்குள் இருக்கும் ஏதோ என்று எங்கோ கேட்டிருந்தார். நடுவில் இருந்த அந்த ஒன்பது எழுத்துச் சொல்தான்! அதைப் பார்த்ததும், பழக்க தோஷம், மனம் ஒரு நொடி துள்ளியது. தெரிந்த சொல். MALIGN என்பதற்கு வால் முளைத்த சொல். ஆறெழுத்தாக நிற்பதைப் பின்னால் மூன்றெழுத்து வைத்து நீட்டலாம். அகராதிக்கு இப்படி வளருகிற சொல் என்றால் உயிர். வளராத சொல்லை அவர் பிச்சைக்காரச் சொல் என்பார்.

அடுத்த நொடியே அந்தத் துள்ளல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அது நல்ல பொருளா, கெட்ட பொருளா? அந்த ஏதோ ஒன்று 'காணோம்' என்று எழுதியிருக்கிறது. இருக்கக்கூடாதது காணோமா, இருக்க வேண்டியது காணோமா? ரத்தம் காணோம் என்றால் ஒன்று, விஷம் காணோம் என்றால் வேறொன்று அல்லவா?

"என்ன போட்டிருக்கு?"

"நல்லதுதான்," என்றார். "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கைக்குள் போனை வைத்துத் தட்டினால் அர்த்தம் வந்து கொட்டும் காலமல்ல அது. வாசகசாலையில் கண்ணாடி அலமாரிக்குள் பெரிய அகராதி ஒன்று இருந்தது. நிஜமான அகராதி, பொருளோடு. இவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். சனிக்கிழமை அரை நாள்தானாம். கதவில் பூட்டுத் தொங்கியது. இனி திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான்.

தையல்காரர் கடையில் இருந்தார். இவர் சாதாரணமாகக் கேட்பதுபோல, "ஏம்ப்பா, எம் ஏ எல் ஐ ஜி என் ஏ என் டி, தெரியுமா?" என்றார்.

தையல்காரர் ஊசியை நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ணினார். "ஒம்போது. செல்லும். புத்தகத்துல இருக்கு."

"அர்த்தம் என்ன?"

"அர்த்தமா? அதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறோம், பொண்ணா எடுக்கப் போறோம்?" தையல்காரர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

சிரிப்பு வரவில்லை இவருக்கு. அங்கிருந்து மருந்துக்கடைக்குப் போனார். கூட்டமாக இருந்தது. காகிதத்தைக் காட்டலாம். காட்டினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பெண்டாட்டிக்கு வந்த காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் அகராதி மருந்துக்கடையில் நின்றார் என்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காட்டினால் பதில் வந்துவிடும். பதில் வேண்டும் என்றும் இருந்தது, வந்துவிடக்கூடாது என்றும் இருந்தது. காகிதம் பையிலேயே கிடக்க, வாயால் மட்டும் கேட்டார். அந்தச் சொல்லை யாரும் உச்சரித்து அவர் காதால் கேட்டதில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னார்.

"மாலிக்... நாண்டு."

"என்ன நாண்டு?" மருந்துக்கடைக்காரர் காதைக் கொடுத்தார். "அந்தப் பேர்ல மாத்திரை வர்றதில்லையே சார். காய்ச்சலுக்கா, வயித்துக்கா?"

பின்னால் நின்ற ஒருவர், "என்ன அகராதி, உடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். காலில் செருப்பு நிற்காமல் வழுக்கியது. உள்ளங்காலெல்லாம் வேர்வை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தாள். துணிகளை எல்லாம் கட்டிலில் போட்டு மறுபடி மடித்தாள். "கம்பளி எல்லாம் கீழ்த்தட்டுல இருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேஸ் தீர்ந்தா பழைய நம்பருக்குக் கூப்பிடாதீங்க, புது நம்பரைக் காலண்டர் பின்னாடி எழுதியிருக்கேன்," என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணுக்கு இப்ப எதுவும் எழுதாதீங்க, அவளுக்குப் பரீட்சை முடியட்டும்," என்றாள்.

"ஏன் இப்படியெல்லாம் பேசுற? நல்லதுன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க," என்றாள்.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு கை கழுத்திலேயே இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரே ராத்திரியில் பெரிதாகிவிட்டதா என்று.

அவர் மேசையில் உட்கார்ந்தார். எதையாவது செய்யாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. அந்தச் சொல் அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்பது மட்டும் நிச்சயம். எங்கே பிடித்தோம்? பிடித்த இடம் தெரிந்தால் அர்த்தத்துக்கு ஒரு துப்புக் கிடைக்குமே. சோப்பு உறையில் என்றால் நல்ல சொல்லாக இருக்கும். எலி மருந்து டப்பாவில் என்றால் கெட்ட சொல். நோட்டை எடுத்து GN பக்கத்தைப் புரட்டினார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. SIGN, அலுவலகக் கடிதம். DESIGN, தையல்காரர் புத்தகம். FOREIGN, தபால் நிலையம். ஒவ்வொன்றாக இறங்கிப் பக்கத்தின் அடியில் வந்து நின்றது.

MALIGNANT. பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே, நீல மையில்: அத்தை கடிதம்.

அத்தை என்றால் மாமியார். மனைவியின் அம்மா.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், அத்தை இங்கே வந்து தங்கியிருந்தபோது, சோதனை முடிவு தபாலில் வந்தது. இதே மேசையில்தான் உறையைப் பிரித்தார். இப்போது மனைவி படுத்திருக்கும் கட்டிலில்தான் அத்தை உட்கார்ந்திருந்தாள். "மாப்பிள்ளை, என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டாள். இவர் கண் அந்த ஒன்பது எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவரை அவரிடம் ஆறெழுத்து மட்டும்தான் இருந்தது. அதற்கு இப்படி ஒரு வால் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தைக்குப் பதில் சொல்லுவதற்கு முன்னால் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிய பிறகுதான் நிமிர்ந்தார். "ஒண்ணுமில்ல அத்தை, வயசானா வர்றதுதான்," என்றார்.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்ல சேதி சொன்னீங்க மாப்பிள்ளை. இனி அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்," என்றாள். ஏறவில்லை. ஐந்தாவது மாதம் தூக்கிக்கொண்டு போனபோது, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். நடுவில் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இவரும் அப்படித்தான் நினைத்தார். அந்தச் சொல்லையும் அந்தச் சாவையும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சொல்லுக்கு எழுத்துதான் உண்டு அவருக்கு. சாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது வைத்துப் பார்த்தார். அத்தை காகிதத்தில் அந்த வரி எப்படி இருந்தது? நன்றாக ஞாபகம் இருந்தது, எழுத்து விஷயத்தில் அவர் ஞாபகம் பொய்த்ததில்லை. MALIGNANT CELLS SEEN. வரியின் முதல் சொல்லே அதுதான். அதற்கு முன்னால் வெறும் வெள்ளை. மனைவி காகிதத்தில் அதற்கு முன்னால் NO என்று இருக்கிறது. அத்தைக்கு இருந்தது இவளுக்கு இல்லை.

அப்படியென்றால் இவள் பிழைத்தாள்! உடம்பு முழுக்கத் தளர்ந்து மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றுதான் ஆரம்பித்தது. பாதியில் அது வேறாகிவிட்டது. உதட்டைக் கடித்துச் சத்தத்தை அடக்கினார். அத்தைக்கு அன்று சொன்ன பதிலுக்கு முன்னால், சோதனைக்கூடத்து உறையைப் பார்த்துப் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக் காலையில் டாக்டரே சொல்லிவிடுவார், ஒன்றுமில்லை என்று. அவள் சிரிப்பாள். எல்லாம் முடிந்துவிடும். நோட்டில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துப் பாதி கிழித்தும்விட்டார்.

"நாளைக்கு நான் வரல," என்றாள் மனைவி கட்டிலிலிருந்து.

"எங்கே?"

"டாக்டர்கிட்ட." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அவர் என்ன சொல்லுவார்? ஒண்ணுமில்லன்னு சொல்லுவார். நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. அம்மாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதானே பேப்பர் வந்துச்சு? அஞ்சு மாசத்துல போயிட்டாங்க. ஒண்ணுமில்லன்னு பேப்பர் வந்தவங்களே செத்துப் போறாங்கன்னா அப்புறம் அந்தப் பேப்பருக்கு என்ன மதிப்பு? நல்லதுன்னு வந்தா என்ன, கெட்டதுன்னு வந்தா என்ன?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீங்கதானே படிச்சீங்க ரெண்டையும்."

அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. நேத்துல இருந்து நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன். அஞ்சு மாசம்னா என்னிக்கு வருதுன்னு காலண்டர்ல பார்த்தேன்."

அந்தக் காலண்டர் சுவரில்தான் தொங்கியது. அகராதி அதைப் பார்த்தார். டாக்டர் நாளைக்கு ஆயிரம் முறை சொன்னாலும் இவள் நம்பப் போவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பயத்தைப் போக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவர் கையில் இருந்தது, பாதி கிழிந்த பக்கமாக.

நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனை முடிவையும் பிரித்து வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றார்.

"என்ன உளறல் இது?"

"அர்த்தம் தெரியாது. எழுத்துதான் தெரியும். எந்தக் காகிதத்தையும் நான் முழுசாப் படிச்சதில்ல." நோட்டில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். "இந்தா பாரு, இந்த வார்த்தை. உனக்கு வந்த பேப்பர்ல இதுக்கு முன்னாடி NO இருக்கு. அப்படின்னா இது உனக்கு இல்ல. சத்தியமா இல்ல. அத்தைக்கு வந்த பேப்பர்லயும் இதே வார்த்தைதான். ஆனா அதுல NO இல்ல."

அவள் நோட்டைப் பார்த்தாள். பொடி எழுத்தில் இருந்த 'அத்தை கடிதம்' என்பதை மட்டும் அவளால் படிக்க முடிந்தது. அதை இரண்டு முறை படித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மெதுவாக.

"இல்ல."

"அம்மாவுக்கு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா?"

"தெரியலம்மா," என்றார் அகராதி.

அவள் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். கத்துவாள், அடிப்பாள், நோட்டைத் தூக்கி எறிவாள் என்று அவர் காத்திருந்தார். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழவும் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எதிர்வரிசை வீடுகளில் கதவுகள் திறந்து கிடந்தன, வாசலில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ அகராதி வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்கள்.

"இந்தத் தெருவுல," என்று கேட்டாள், "இன்னும் யார் யாருக்கு ஆஸ்பத்திரிப் பேப்பர் படிச்சுச் சொல்லியிருக்கீங்க?"

அவர் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், பொடி எழுத்தை மட்டும் படிக்க ஆரம்பித்தார்.